தானாக எரிகிற வாசல் விளக்கு

நவம்பர் 3, திங்கள்

வேலையில் இருந்தவரை தினமும் பதிவேடு எழுதினேன். எந்தக் கம்பத்தில் ஏறினோம், என்ன பழுது, எத்தனை மணிக்கு மின்சாரம் திரும்ப வந்தது, எல்லாம் இருக்கும். முப்பத்தாறு வருஷம் லைன்மேனாகவும் லைன் இன்ஸ்பெக்டராகவும் இருந்தவன். ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியும், பொழுது சாய்ந்தால் கை பேனாவைத் தேடுகிறது. அதற்காக இந்த நோட்டு. சொந்தக் கதை எழுதுவதாக இல்லை. வீட்டுப் பழுதுகளை மட்டும் எழுதப் போகிறேன்.

முதல் பழுது: கேட்டுக்கு மேலே இருக்கிற வெளி லைட்டை சாயங்காலம் ஆறு மணிக்குப் போட வேண்டும். போட இந்த வீட்டில் என்னை விட்டால் ஆள் கிடையாது.

மனைவி உலகம்மாள் ஓசூரில் மகள் சுபாஷினி வீட்டில் இருக்கிறாள். பிரசவத்துக்கு மகளால் பாளையங்கோட்டை வர முடியாது என்று இவள் அங்கே போனாள். மூன்று மாதம் என்றுதான் பேச்சு. பேரனுக்கு இப்போது பத்து மாதம். ஆகஸ்டிலேயே சம்பந்தியம்மா வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு இவளுக்கு அங்கே என்ன சோலி என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டால் "வாரேன், வாரேன்" என்கிறாள். தீபாவளிக்கு வரவில்லை. கார்த்திகை தீபத்துக்கு வருவதாக முப்பதாம் தேதிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறது. இன்னும் இருபத்தேழு நாள். தேதி போட்டு எழுதுகிற நோட்டு என்பதால் அதையும் எழுதினேன்.

ரயில் ஏறும்போது கேஸை மூடு, மோட்டாரை நிறுத்து என்று அவள் நூறு சொல்லவில்லை. ஒன்றுதான் சொன்னாள். "சாயங்காலம் ஆறு மணிக்கு வெளி லைட்டப் போட்டுருங்க. வேற யாரையும் போடச் சொல்லாண்டாம். நீங்களே போடுங்க." திருட்டுப் பயம் போலிருக்கிறது. சரி என்று சொன்னேன்.

இன்று ஆறே காலுக்கு போன்.

"லைட்டப் போட்டீயளா?"

"போட்டாச்சு."

"போட்டதும் கும்பிட்டீயளா?"

"முப்பத்தாறு வருஷம் கரண்டுல கை வச்சவன் நான். என்னைப் போயி பல்பக் கும்பிடச் சொல்லுதியா?"

சிரித்தாள். போனில் அவள் சிரிப்பு பாதிதான் வருகிறது.

நவம்பர் 5, புதன்

மைதானத்தில் நடக்கப் போனால் ஐந்தரைக்கு எல்லோரும் வருவார்கள், ஏழு வரை பேச்சு ஓடும். நான் மட்டும் பாதியில் பள்ளிக்கூட மணி அடித்தது போல எழுந்து ஓடி வருகிறேன். லைட் போட. இன்று நண்பர் ஒருவர், "வீட்டம்மா ஊருல இல்லாமலே இப்படிப் பயப்படுதீயளே" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

நேரே எலக்ட்ரிக்கல் கடைக்குப் போய் சென்சார் வாங்கிவிட்டேன். இருட்டினால் தானே எரியவிட்டு, விடிந்தால் தானே அணைத்துவிடும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. கடைக்காரர், "அண்ணாச்சி, மாட்டுறதுக்கு வயர்மேன் அனுப்பட்டா?" என்று கேட்டார். என்னிடம். பாளையங்கோட்டையில் பாதிக் கம்பத்தில் ஏறி இறங்கியவனிடம். சென்சாரைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

காலை பத்து மணிக்கு மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, ஏணி போட்டு ஏறினேன். மூன்று ஒயர். கறுப்பில் மின்சாரம் உள்ளே வரும், வெள்ளை நியூட்ரல், சிவப்பு பல்புக்குப் போகும். பழைய ஒயரை வெட்டி இணைத்து, டேப் சுற்றி, லைட்டுக்கு அடியில் ஒரு சாண் தள்ளி திருகாணி போட்டு இறுக்கினேன். அரை மணி வேலை. பெட்டிக்குள் படம் போட்ட தாள் ஒன்று இருந்தது. அதைப் படித்து மாட்ட நான் என்ன புது ஆளா? குப்பையில் போட்டேன்.

மெயினைப் போட்டுவிட்டு சென்சாரை உள்ளங்கையால் மூடினேன். சில விநாடியில் பட்டப்பகலில் லைட் எரிந்தது. கையை எடுத்தேன், அணைந்தது. நாலு முறை செய்து பார்த்தேன். பக்கத்தில் யாராவது இருந்து பார்த்திருக்கலாம்.

சாயங்காலம் ஏழு வரை மைதானத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். என்ன பேசினார்கள் என்பது நினைவில்லை. திரும்பி வந்தபோது லைட் எரிந்துகொண்டிருந்தது.

நவம்பர் 7, வெள்ளி

எதிர்வீட்டு ஜெபமணி டீச்சர் காலையிலேயே கேட்டைத் தட்டிவிட்டார். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். உலகம்மாளுக்கு இருபத்தைந்து வருஷத் தோழி. இங்கே ஒரு தட்டு விழுந்தால் ஓசூருக்குச் செய்தி போவது அவர் வழியாகத்தான்.

"அண்ணாச்சி, நேத்து சாயங்காலத்துலேர்ந்து உங்க வீட்டு லைட்டு எங்க வீட்டப் பாத்துக் கண்ணடிச்சிட்டே இருக்கு. தெருவுல போறவங்க நின்னு பாக்காவ. நான் ஒண்ணும் நெனைக்கல. ஊரு நெனைக்கும்லா?"

இருட்டுகிற நேரம் வெளியே நின்று பார்த்தேன். உண்மைதான். இருட்டினதும் லைட் எரிகிறது. அந்த வெளிச்சம் அடியில் இருக்கிற சென்சார் மேலேயே விழுகிறது. விடிந்துவிட்டது என்று நினைத்து அது அணைக்கிறது. அணைத்ததும் இருட்டு, திரும்ப எரிகிறது. விடிய விடிய இதே வேலை. லைட்டின் வெளிச்சம் படாத இடத்தில் மாட்ட வேண்டும் என்று அந்தத் தாளில் முதல் வரியாகவே இருந்திருக்கும்.

குப்பை வண்டி நேற்றே எடுத்துப் போய்விட்டது.

நவம்பர் 8, சனி

மழை. ஏணி போட முடியவில்லை. லைட்டைக் கையால் அணைத்து வைத்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

சென்சாரைக் கழற்றி, கேட் தூணின் மறுபக்கத்தில் வானம் பார்த்த மாதிரி மாட்டினேன். இப்போது அதற்கு லைட் தெரியாது, வானம் மட்டும்தான் தெரியும். ஆறு ஐந்துக்கு எரிந்தது. ஒரு துடிப்பு இல்லை.

நானே போன் போட்டேன். இந்தச் செய்தியை நான்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று டீச்சரிடம் வாய் திறக்கவில்லை.

"ஏளா, வெளி லைட்டுக்கு சென்சார் மாட்டியாச்சு. இனிமே ஆறு மணிக்கு வீட்டுல ஆளு இருக்கணும்னு அவசியமே இல்ல. யாரு இருந்தாலும் இல்லாட்டாலும் அது பாட்டுக்கு எரியும்."

லைன் அறுந்துவிட்டதோ என்று இரண்டு முறை ஹலோ சொன்னேன்.

"அப்ப நீங்க போடல."

"எதுக்குப் போடணும்? அதான் தானா எரியுதே."

"சரி. வைக்கேன்."

வைத்துவிட்டாள். கும்பிட்டீயளா என்றுகூடக் கேட்கவில்லை. ஓசூரில் சிக்னல் மோசம் என்று சொல்வார்கள்.

நவம்பர் 10, திங்கள்

ஆறே காலுக்கு போன் வரவில்லை.

நவம்பர் 12, புதன்

சுபாஷினி கூப்பிட்டாள்.

"யப்பா, அம்மா டிக்கெட்டக் கேன்சல் பண்ணச் சொல்லிட்டாங்க."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்காங்க. 'அங்கதான் தானா எரியுதாமே, நான் எதுக்கு'ன்னு சொன்னாங்க. உங்க ரெண்டு பேருக்கும் என்ன சண்டை? எங்கிட்டயாவது சொல்லுங்க."

சண்டையே இல்லை என்றேன். அது உண்மை. இந்த முப்பத்திரண்டு வருஷத்தில் நாங்கள் சண்டை போட்டது ஐந்தாறு முறை இருக்கும். சண்டை போட நான் வீட்டில் இருந்தால்தானே.

லைனில் வேலை செய்வதற்கு முன்னால் "லைன் கிளியர்" என்று ஒன்று வாங்குவோம். இன்னார் இந்த லைனில் வேலை செய்கிறார், மின்சாரம் விடாதே என்று அர்த்தம். வேலை முடிந்து அதே ஆள் நேரில் வந்து திருப்பிக் கொடுத்தால்தான் மின்சாரம் விடுவார்கள். அமைச்சரே வந்து கேட்டாலும் விடமாட்டார்கள். உலகம்மாள் என்னிடம் லைன் கிளியர் வாங்கிக்கொண்டு போன மாதிரி இருக்கிறது. அவளாகத் திருப்பித் தருகிறவரை இங்கே நான் சுவிட்சைத் தொட முடியாது.

நவம்பர் 13, வியாழன்

சோறு மிஞ்சிவிட்டது. இன்னும் இரண்டு பேருக்குத்தான் அரிசி போடுகிறேன். பத்து மாதமாக.

நவம்பர் 16, ஞாயிறு

மதியம் மூன்று மணிக்கே வானம் கறுத்து மழை கொட்டியது. உள்ளே படுத்திருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வெளி லைட் எரிகிறது. தூக்கக் கலக்கத்தில் ஒரு நொடி, அவள்தான் வந்து போட்டிருக்கிறாள் என்று எழுந்துவிட்டேன். வாசல் வரைக்கும் போய்விட்டேன். கேட்டில் யாரும் இல்லை. மேகத்தைப் பார்த்து பொழுது சாய்ந்துவிட்டது என்று அந்தச் சென்சார் நினைத்திருக்கிறது.

பழுது மட்டும்தான் எழுதுவேன் என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பரவாயில்லை. எனக்கு அவள் வேண்டும். இந்த வீட்டில் அவள் நடமாட வேண்டும். எழுதியாகிவிட்டது, இனி அடிக்கப் போவதில்லை.

நவம்பர் 19, புதன்

டீச்சரிடம் போய்க் கேட்டுவிட்டேன். ஒரு சென்சாருக்கா இவ்வளவு கோபம் என்று. டீச்சர் துணி மடித்துக்கொண்டிருந்தார். நிறுத்திவிட்டு என்னை வகுப்பில் கடைசி பெஞ்ச் பையனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அண்ணாச்சி, அந்த லைட்டு எதுக்குன்னு நெனைச்சீய?"

"வெளிச்சத்துக்கு."

"உங்களுக்கு வழி தெரியாதுன்னா அவ தெனமும் போட்டா? ஆறு மணிக்கு லைட்டப் போட்டுட்டு, கேட்டப் புடிச்சிட்டு நிப்பா. நீங்க வண்டியில தெரு முக்குத் திரும்புறதப் பாத்தாத்தான் உள்ள போவா. நீங்க வரும்போது அவ அடுப்படியில இருப்பா. அதனால உங்களுக்குத் தெரியாது. நான் இந்த வாசல்ல உக்காந்து இருபத்தஞ்சு வருஷமாப் பாக்கேன்."

டீச்சர் அதோடு விடவில்லை.

"சுடலைமுத்து செத்தாருல்லா, ஒங்க செக்சன்ல. அன்னைக்கு நாலு மணிக்கே யாரோ வந்து, கம்பத்துல ஒரு ஆளு போயிட்டாவ, யாருன்னு தெரியலன்னு சொல்லிட்டுப் போயிட்டான். உங்க போனுக்கு அடிச்சா போகவே இல்ல. நல்ல மழை. நாலு மணிக்கே லைட்டப் போட்டுட்டா. கொடையப் புடிச்சிட்டு கேட்டுல நின்னா. உக்காரு உக்காருன்னு நான் கெஞ்சினேன். உக்காந்தா ஏதாவது ஆயிரும்னு சொன்னா. நீங்க வரும்போது மணி எட்டே கால்."

அந்த நாள் எனக்கும் தெரியும். பதினோரு வருஷம் ஆகிறது. சுடலைமுத்துவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, லைனைச் சரிசெய்து, மின்சாரம் விட்டபோது ஏழு பத்து. பதிவேட்டில் என் கையெழுத்திலேயே இருக்கும். பிறகு நாங்கள் ஆறு பேரும் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். நான் இரண்டு டீ குடித்தேன். என் போன் நனைந்துவிட்டது. கடைக்காரரிடம் ஒரு போன் வாங்கி வீட்டுக்குப் பேசியிருக்கலாம். தோன்றவே இல்லை. வீட்டுக்கு வந்து, கை கால் கழுவிவிட்டு, "சோறு இருக்கா?" என்று கேட்டேன். எடுத்து வைத்தாள். சாப்பிட்டேன்.

அன்றைக்கு ஏன் அவள் பேசவில்லை என்று யோசித்ததே இல்லை. மழைக்குத் தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்திருப்பேன்.

"நீங்க போட்டா, நீங்க ஒரு நிமிஷமாவது கேட்டப் பாப்பீயன்னு ஒரு ஆச அவளுக்கு" என்றார் டீச்சர். "அதயும் மிஷின்கிட்ட குடுத்துட்டீய."

நவம்பர் 20, வியாழன்

போன் போட்டேன். எடுத்தாள். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். "மழை எப்படி அங்க?" என்று கேட்டேன். "தூறல்" என்றாள். "இங்க பலத்த மழை" என்றேன். பிறகு பேரனுக்குப் பல் வந்ததைப் பற்றிப் பேசினோம். தாளை மடித்து இந்த நோட்டில் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 22, சனி

முதலில் சென்சாரைக் கழற்றிவிட்டு பழையபடி சுவிட்சிலேயே போடலாம் என்று ஏணியை எடுத்தேன். இரண்டு படி ஏறிய பிறகு ஒரு யோசனை வந்தது. சுவிட்ச் என்றால், அதைப் போட நான் தினமும் இங்கே இருக்க வேண்டும். அவள் அங்கே இருக்கிறாள். நான் இங்கே கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றால் தெரு முக்கில் யார் திரும்பப் போகிறார்கள்?

இறங்கிவிட்டேன். ஏணியை உள்ளே வைத்தேன். திங்கள்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்தேன். திரும்பி வர எடுக்கவில்லை.

நவம்பர் 24, திங்கள்

சாவியை டீச்சரிடம் கொடுத்தேன்.

"லைட்டு?" என்றார்.

"தானா எரியும் டீச்சர்."

"இப்பத்தான் அதுக்கு ஒரு வேல வந்திருக்கு" என்று சிரித்தார். ஓசூருக்கு முன்கூட்டியே செய்தி சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். இருபத்தைந்து வருஷத்தில் அவரிடம் நான் கேட்ட முதல் உதவி.

நவம்பர் 25, செவ்வாய். ஓசூர்

காலையில் கதவைத் திறந்தது அவள்தான். இளைத்திருக்கிறாள். முகம் நன்றாக இருக்கிறது.

"என்ன, சொல்லாமக் கொள்ளாம?"

"சும்மாதான்."

காபி கொடுத்தாள். பேரனை மடியில் வைத்தாள். பேசலாம் என்று நான் தொண்டையைச் சரிசெய்வதற்குள், பதினொரு மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். "வேன் வந்துரும். சாயங்காலம் ஆறு இருபதுக்கு வாரேன்." கீழே ஒரு வேன் நின்றது. ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். அவள் ஏறியதும் அவர்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். முழுச் சிரிப்பு.

சுபாஷினிதான் சொன்னாள். ஊருக்கு வெளியே ரோஜாப் பண்ணை ஒன்றில் அம்மா வேலைக்குப் போகிறாளாம். ஆகஸ்டிலிருந்து. பூவைத் தரம் பிரித்து, முள் எடுத்து, இருபது இருபதாகக் கட்டுகிற வேலை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சிரிப்பீங்கன்னு சொன்னாங்கப்பா. நீங்க செஞ்சதுதான் வேலைன்னு நெனைக்கிறவருன்னு."

ஆறு மணிக்குக் கீழே இறங்கினேன். ஆறு இருபது ஆயிற்று. வேன் வரவில்லை. ஆறரை. அவள் போனுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. ஆறே முக்காலுக்குத் தூறல் விழுந்தது. காவலாளி நாற்காலி கொண்டு வந்து போட்டு, "உக்காருங்க ஐயா, வந்துருவாங்க" என்றார். உட்கார முடியவில்லை. கால் மடங்க மாட்டேன் என்கிறது. ரோட்டில் வருகிற ஒவ்வொரு முன்விளக்கும் வேன் என்றே தெரிந்தது. லாரி, பஸ், திரும்பவும் லாரி. மலைப் பாதையில் மழை என்று யாரோ பேசிக்கொண்டு போனார்கள். அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் யாரிடம் கேட்பது, அந்தப் பண்ணையின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

ஏழே முக்காலுக்கு வேன் வந்தது. வழியில் டயர் பஞ்சராம். கடைசியாக இறங்கினாள். விரல்களில் துணி சுற்றியிருந்தது, முள் கிழித்ததற்கு.

"எதுக்கு இப்படி நனைஞ்சிட்டு நிக்கிய?"

சொல்ல நிறைய வைத்திருந்தேன். சட்டைப்பையில் அந்தத் தாளும் இருந்தது.

"ஏளா, பயந்துட்டேன்" என்றேன்.

இந்த வார்த்தையை அவளிடம் நான் சொன்னதில்லை. அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். மற்ற பெண்கள் வேனுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேலைத் தலைப்பால் என் தலையைத் துவட்டினாள், அத்தனை பேர் முன்னால். அவள் கையில் ரோஜா வாசனையைவிடப் பூச்சிமருந்து வாசனைதான் அதிகம்.

"எவ்வளவு நேரமா நிக்கிய?"

"ஒண்ணே முக்கா மணி நேரம்."

"அவ்வளவுதானா?" என்றாள். பிறகு அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும்.

நவம்பர் 26, புதன்

காலையில் கேட்டேன். "எப்ப வருவ, ஊருக்கு?"

"பிப்ரவரி பதினாலு வரைக்கும் பண்ணையில தலை நிமிர முடியாது. ஊரு பூரா ரோசாப்பூ கேப்பான். பாதியில விட்டுட்டு வரமாட்டேன்."

"சரி. அதுக்கப்புறம்?"

"பாப்போம். நீங்க இங்க எப்படி இருக்கியன்னு பாத்துட்டுச் சொல்லுதேன்."

வரமாட்டேன் என்று சொல்லவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை. பதினொரு மணிக்கு வேனில் ஏறினாள். ஏறும்போது திரும்பிப் பார்த்தாள்.

வேன் வருவது ஆறு இருபதுக்கு. நான் ஐந்தரைக்கே கீழே வந்துவிட்டேன்.